பதிமூன்று பற்கள்

என் மேசையில் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று வார்ப்பிரும்பு, இன்னொன்று வெண்கலம். இரண்டுக்கும் பதிமூன்று பற்கள். உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு சின்னது. புதிதாக வாங்கும்போது ஒவ்வொரு பல்லின் உச்சியும் தட்டையாக இருக்கும், விரலால் தடவினால் உறுத்தாது. இந்த இரண்டிலும் உச்சி கத்தி முனையாகக் கூர்ந்துவிட்டது. இரும்புச் சக்கரத்தைத் துடைக்கப் போன துணி கிழிந்தது.

இரும்பு 700 மைல் ஓடியது. வெண்கலம் 1,100 மைல். தொழிற்சாலையில் செய்தபடியே இருக்கும் ஓர் எஞ்சினில் இதே சக்கரம் லட்சம் மைல் தாண்டி ஓடும், கார் உரிமையாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என் எஞ்சினில் மட்டும் ஏன் இப்படி ஆனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. பழைய எஞ்சினைப் பிரித்து மாற்றம் செய்யும் யாருக்காவது இது ஒரு சக்கரத்தையாவது மிச்சப்படுத்தினால் எனக்கு மகிழ்ச்சி.

கார் 1979-ஆம் வருடத்து செவர்லே கமாரோ. மிச்சிகனில் நாங்கள் குடியேறிய இரண்டாவது வருடம் வாங்கினேன். உள்ளே இருப்பது 350 கன அங்குல வி-8, நம் கணக்கில் 5.7 லிட்டர். செவர்லே 1955-இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய ‘ஸ்மால் பிளாக்’ குடும்பத்தைச் சேர்ந்தது, 350 அளவு 1967-இல் வந்தது. அமெரிக்காவில் கார் எஞ்சினில் கை வைத்துப் பழகும் பலரும் முதலில் தொடுவது இதைத்தான். பாகங்கள் மலிவு, எங்கேயும் கிடைக்கும், எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் நெருப்புப் பொறியைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். இந்த எஞ்சினில் அது பின்பக்கம், சிலிண்டர்களுக்குக் காற்றையும் எரிபொருளையும் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் நட்டமாக உட்கார்ந்திருக்கும். அதன் தண்டின் அடியில் நான் சொன்ன சக்கரம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் பின்முனையில் அதோடு சேரும் இன்னொரு பதிமூன்று பல் சக்கரம், ஷாஃப்டிலேயே வெட்டியிருக்கும். கேம் ஒரு சுற்றுச் சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு சுற்று. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் அதற்குள் இரண்டு சுற்று. கேம் படுத்திருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கிறது, அதனால் பற்களைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். இப்படிக் குறுக்காகச் சேரும் சாய்பற்கள் ஒன்றன் மேல் ஒன்று உருள்வதைவிட வழுக்குவதுதான் அதிகம். தொடும் இடமும் ஒரு புள்ளி அளவுதான். எண்ணெய்ப் படலம் கொஞ்சம் குறைந்தாலும், சுமை கொஞ்சம் கூடினாலும், அந்தப் புள்ளிதான் முதலில் அடி வாங்கும்.

சுமை எங்கிருந்து வருகிறது? டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் உச்சியில் இருக்கும் ரோட்டாரைச் சுற்றுவதற்குப் பெரிய பலம் வேண்டாம். உண்மையான சுமை அதற்குக் கீழே இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடிமுனை ஒரு இடைத்தண்டைப் பிடித்திருக்கும், அந்த இடைத்தண்டு எண்ணெய்ச் சட்டிக்குள் இருக்கும் ஆயில் பம்பைச் சுற்றும். ஆக, எஞ்சினின் எண்ணெய் முழுவதையும் தள்ளும் வேலை இந்தப் பதிமூன்று பற்களின் மேல் இருக்கிறது. பல் உதிர்ந்தால் நெருப்பும் நிற்கும், எண்ணெயும் நிற்கும். நெடுஞ்சாலையில் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது அது நடந்தால், கார் நிற்கும் வரை கிராங்க் எண்ணெய் அழுத்தம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பல் தேய்கிறது என்று தெரிந்த பிறகு நான் காரை ஓட்டாமல் நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

நான் செய்த மாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். பழைய கேமை எடுத்துவிட்டு எஃகில் கடைந்த ஹைட்ராலிக் ரோலர் கேம் (இதில் கேமைத் தொடும் டாப்பெட்டின் அடி தட்டையாக இல்லாமல் உருளையாக இருக்கும்) போட்டேன். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் இரண்டையும் ஃபேசிங் (முகத்தைச் சீவிச் சமமாக்குவது) செய்யக் கொடுத்தபோது 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் எடுத்தார்கள். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல்முகமும் கொஞ்சம் கோணியிருந்ததால் அங்கே 0.010 அங்குலம். அலுமினிய மேனிஃபோல்ட். அதிகக் கொள்ளளவு ஆயில் பம்ப், அதில் கடினமான ஸ்பிரிங். கெட்டியான 20W-50 எண்ணெய். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் நல்ல காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்து அந்தச் சின்னச் சக்கரத்தை என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை.

தேய்மானத்தை முதலில் பார்த்தது என் மகள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நெருப்பு விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடிப்பது அவள் வேலை, கிராங்க் முன்சக்கரத்தின் கோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வாள், நான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவேன். எஞ்சின் ஓடத் தொடங்கியபோது 12 டிகிரி அட்வான்ஸில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர 12 டிகிரி இருக்கும்போதே நெருப்பு விழும்படி, வைத்து இறுக்கியிருந்தோம். மூன்று வாரம் கழித்து கார்புரேட்டரைச் சரிசெய்யும்போது சும்மா ஒரு முறை பார்க்கச் சொன்னேன்.

“அப்பா, பன்னெண்டு இல்ல. ஆறுல இருக்கு. அதுவும் நிக்கவே மாட்டேங்குது, ஆடுது.”

டிஸ்ட்ரிபியூட்டர் இறுக்கும் போல்ட் தளர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதன் உடலுக்கும் மேனிஃபோல்டுக்கும் குறுக்கே நான் கீறியிருந்த கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. உடல் திரும்பவில்லை, டைமிங் மட்டும் பின்னால் போயிருக்கிறது. மறுபடி 12-இல் வைத்தோம். அடுத்த இரண்டு வாரத்தில் மறுபடி இறங்கியது. மொத்தம் 14 டிகிரி இழந்த பிறகுதான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன்.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், நான் அப்போது பிரிக்கவில்லை. கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்குவது வேறு, நாளுக்கு நாள் ஒரே திசையில் நகர்வது வேறு. நடுக்கத்துக்குப் பல காரணம் உண்டு. கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் தொங்கியிருக்கலாம். கேம் முன்னும் பின்னும் நகரலாம். பழைய பிளாக்கில் ரோலர் கேம் போடும்போது இது முக்கியம். பழைய தட்டை டாப்பெட் கேமில் லோப் (கேமின் மேடு) லேசாகச் சரிந்திருப்பதால் அதுவே கேமைப் பின்னால் தள்ளி வைத்துவிடும். ரோலர் கேமில் அந்தச் சரிவு இல்லை, அதனால் முன்பக்கம் ஒரு தாங்கு பட்டன் வைத்து நிறுத்த வேண்டும். கேம் நகர்ந்தால் சாய்பல் வழியாக டிஸ்ட்ரிபியூட்டரும் திரும்பும், நெருப்பு முன்பின்னாக விழும். ஆனால் ஒரே திசையில், ரிட்டார்ட் (தாமதம்) பக்கமாகவே தொடர்ந்து நகர்வதற்கு நான் கண்ட விளக்கம் ஒன்றுதான்: டிஸ்ட்ரிபியூட்டர் சக்கரத்தின் பல்லில் தள்ளப்படும் முகம் கரைந்துகொண்டே இருக்கிறது.

ரோட்டாரைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இதில் ஒரு கவனம் வேண்டும். வேகத்துக்கு ஏற்ப டைமிங்கைத் தானே முன்தள்ளும் மெக்கானிக்கல் அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டாரை ஒரு பக்கம் திருப்பினால் கொஞ்சம் போகும், விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அது பிளே (தளர்ச்சி) அல்ல. விட்ட இடத்திலேயே நிற்கிறதே, அதுதான் பல்லில் உள்ள பிளே. என் ரோட்டாரின் முனை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அப்படி ஆடியது. டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் 7 டிகிரி, கிராங்க் கணக்கில் 14. இழந்த டைமிங்கும் 14. செயினில் தவறு இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது, இருந்தாலும் கிராங்கை முன்னும் பின்னும் திருப்பி ஒருமுறை சரிபார்த்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்தேன். மேலே இழுக்க இழுக்க ரோட்டார் மெதுவாகத் திரும்பிக்கொண்டே வரும், சாய்பல் தன்னைத்தானே கழற்றிக்கொள்வதால். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது பிடிக்கும். அன்று அதை ரசிக்க முடியவில்லை, சக்கரம் முழுவதும் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. காந்தத்தைக் காட்டியதும் பசை மயிர் மாதிரி எழுந்து நின்றது.

காரணம் எளிதாகக் கிடைத்தது, அதுதான் என்னை ஏமாற்றியது. தட்டை டாப்பெட் கேம்கள் வார்ப்பிரும்பு, அதற்கு வார்ப்பிரும்பு டிஸ்ட்ரிபியூட்டர் சக்கரம் பொருந்தும். எஃகுக் கேமின் பல்லோ வார்ப்பிரும்பைவிடக் கடினம், அது இரும்புச் சக்கரத்தை அரம் மாதிரி அராவிவிடும். சில எஃகுக் கேம்களின் பின்முனையில் இரும்புச் சக்கரத்தைத் தனியாக அழுத்திப் பொருத்தி விற்கிறார்கள், அதற்குப் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் சக்கரமே போதும். என் கேம் அப்படிப்பட்டதல்ல, ஒரே எஃகுத் துண்டு. வெண்கலச் சக்கரமோ, உப்புக் குளியலில் மேல்தோலைக் கடினப்படுத்திய எஃகுச் சக்கரமோ, கூட்டுப் பிளாஸ்டிக் சக்கரமோ போட்டிருக்க வேண்டும். 1975 மாடலிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த அந்தப் பெரிய மூடி டிஸ்ட்ரிபியூட்டரை நான் சக்கரம் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தேன். கேம் கூட வந்த தாளில் இது அச்சிட்டே இருந்தது.

சரி, வெண்கலம் வாங்கினேன். சக்கரத்தைத் தண்டில் பூட்டியிருந்த பழைய பின் ஆணியைத் தட்டி எடுத்து, சக்கரத்துக்கு மேலே வாஷர்கள் வைத்து, புதிய சக்கரத்தைத் துளையிட்டுப் பின் ஆணி அடித்து, மாலிப்டினம் பசை தடவி இறக்கினேன். மறுபடி 12 டிகிரி. பிரச்சினை முடிந்தது என்று நம்பினேன், நண்பர்களிடமும் சொன்னேன்.

இலையுதிர் காலம் வந்ததும் மகள் மறுபடி “ஒன்பது” என்றாள்.

இந்த முறை எண்ணெய் ஃபில்டரை வெட்டி உள்தாளை விரித்துப் பார்த்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்தால் தங்கத் தூள் தூவிய மாதிரி இருந்தது. காந்தம் எதையும் எடுக்கவில்லை. வெண்கலம். தாளை மடித்து ஒரு பையில் போட்டு வைத்தேன், இன்னும் இருக்கிறது.

பலரிடம் கேட்டேன். பெரும்பாலோர் சொன்னது, வெண்கலம் தேயத்தான் செய்யும், கேமைக் காப்பாற்ற அது தன்னைக் கொடுக்கிறது, வருடம் ஒரு முறை மாற்று என்பது. பந்தய எஞ்சினுக்கு அது சரி. ஒவ்வொரு சீசனும் பிரித்துப் பார்க்கிறவர்களுக்குச் சக்கரம் ஒரு செலவுப் பொருள். ஆனால் சாலையில் ஓடும் எஞ்சின் 1,100 மைலில் ஒரு வெண்கலச் சக்கரத்தைக் கத்தி முனையாக்குவதை இயல்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உலோகப் பொருத்தம் இப்போது சரியாக இருக்கிறது. அப்படியும் தேய்கிறது என்றால், பல் தாங்க வேண்டியதைவிட அதிகமாக எதையோ தாங்குகிறது.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். ஃப்ளின்ட் நகரத்து எஞ்சின் ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை அவரிடம் புல் வெட்டுவது பற்றியும் பனி பற்றியும்தான் பேசியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை இரண்டு சக்கரங்களையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தீர்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். இரண்டிலும் தேய்ந்த பட்டை பல்லின் நடுவில் இல்லை, மேல் முனைப் பக்கம் ஏறியிருந்தது. கீழே பல்லின் ஒரு பகுதி கடைசல் கோடுகள்கூட அழியாமல் புதிதாகவே இருந்தது. இரும்புச் சக்கரத்தில் அது இருந்த அதே உயரத்தில்தான் வெண்கலத்திலும் இருந்தது. உலோகம் மாறியும் இடம் மாறவில்லை. முதல் சக்கரத்தைக் கழற்றிய அன்றே இந்தத் தகவல் என் கையில் இருந்திருக்கிறது. தேய்ந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் தேயாத பக்கத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

பட்டை மேலே ஏறியிருக்கிறது என்றால் சக்கரம் கேமின் மையத்தைவிடக் கீழே உட்கார்ந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தாழ்ந்திருக்கிறது. ஏன் தாழ வேண்டும்? அவர் கேட்ட அடுத்த கேள்வி, ஹெட்டில் எவ்வளவு எடுத்தார்கள் என்பது.

இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் உட்காரவில்லை, மேனிஃபோல்டில் உட்கார்கிறது. மேனிஃபோல்ட் இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவில், வி-யின் பள்ளத்தில் ஆப்பு மாதிரி உட்கார்கிறது. ஹெட்டின் அடியையோ பிளாக்கின் மேல்முகத்தையோ அறுத்தால் ஹெட்டுகள் ஒன்றையொன்று நெருங்கிக் கீழே இறங்கும், இடையில் இருக்கும் மேனிஃபோல்ட் முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்காராது. அதைப் பொருத்துவதற்காக மேனிஃபோல்டையும் அறுப்பார்கள். ஸ்மால் பிளாக்குக்குக் கடைசல் பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு: ஹெட்டில் எடுத்த அளவை 1.23-ஆல் பெருக்கி மேனிஃபோல்ட் சேரும் பக்கவாட்டு முகத்திலும், 1.71-ஆல் பெருக்கி மேனிஃபோல்டின் அடிமுனைகளிலும் எடுக்க வேண்டும். அந்த 1.71-தான் மேனிஃபோல்ட் நேராகக் கீழே இறங்கும் அளவு. எனக்கு 0.020-உம் 0.010-உம் சேர்த்து 0.030 அங்குலம். அதை 1.71-ஆல் பெருக்கினால் 0.051 அங்குலம், 1.3 மில்லிமீட்டர். மேனிஃபோல்ட் அவ்வளவு கீழே போனது. டிஸ்ட்ரிபியூட்டரும் அதோடு போனது. ஃபேசிங் செய்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள், எண்ணெய் ஒழுகவில்லை, காற்று இழுக்கவில்லை. அதன் மேல் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் உயரத்தைச் சரிபார்ப்பது எஞ்சினைப் பூட்டிய என் வேலை.

பல்லில் 1.3 மில்லிமீட்டர் மேலே தொடுவதால் மட்டும் சக்கரம் இப்படி அழிந்துவிடாது என்று அவரே சொன்னார். பட்டை இடம் மாறியது வெறும் தடயம். அதே 1.3 மில்லிமீட்டர் வேறு எங்கே இடித்திருக்கும் என்றுதான் பார்க்கவேண்டும் என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுக்குக் கீழே இடைத்தண்டு, அதற்குக் கீழே பம்ப். இடைத்தண்டுக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் தீர்ந்துவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கும் போல்ட் மொத்தத் தண்டையும் பம்பின் மேல் வைத்து நசுக்கும். இந்த எஞ்சினில் பம்பின் சுமை ஏற ஏறச் சாய்பல் கேமைப் பின்னாலும் டிஸ்ட்ரிபியூட்டர் சக்கரத்தை மேலாகவும் தள்ளுகிறது. கீழேயிருந்து இடைத்தண்டும் அதே பக்கம் தள்ளினால் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வாஷர் அதைத் தாங்க வேண்டும். வாஷரை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஓரத்தில் நீலம் ஏறியிருந்தது, சூட்டின் நிறம்.

அன்று சாயங்காலமே சோதித்தோம். பட்டறையில் கையில் வைத்துப் பார்த்தபோது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு மேலும் கீழும் 0.4 மில்லிமீட்டர் நகர்ந்தது, அது நல்ல அளவுதான். எஞ்சினில் இறக்கி இறுக்கிய பிறகு ரோட்டார் பக்கம் பிடித்து மேலே இழுத்தால் கொஞ்சமும் நகரவில்லை. பிறகு கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, போல்ட் போடாமல், தன் எடையில் அதை உட்கார வைத்தோம். முழுவதும் உட்கார்ந்தது மாதிரிதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அடித்தட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே 0.5 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) சுற்றிலும் வழுக்கிக்கொண்டு போனது. எட்டிப் பார்க்க முடியாத அந்த இடைவெளியை இத்தனை நாளும் மெல்லிய காகிதக் கேஸ்கெட் மறைத்து வைத்திருந்தது. கேஸ்கெட் நசுங்கி 0.25 மில்லிமீட்டர்தான் கொடுத்தது, மிச்சம் கால் மில்லிமீட்டரை நான் ஸ்பானர் வைத்து இழுத்து இறுக்கியிருக்கிறேன். கடைசி இரண்டு சுற்று எப்போதும் கொஞ்சம் கனமாக இருந்தது நினைவுக்கு வந்தது. புதிய கேஸ்கெட் நசுங்குகிறது என்று அப்போது விட்டுவிட்டேன்.

அதற்கு மேல் பம்பின் சுமை. மிச்சிகன் நவம்பர் காலையில் 20W-50 தேன் மாதிரி இருக்கும். அதிகக் கொள்ளளவு பம்புக்குள் பற்கள் நீளம், ஒரு சுற்றுக்குத் தள்ளும் எண்ணெய் சாதாரணப் பம்பைவிட ஏறக்குறைய கால்பங்கு அதிகம். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் என் எண்ணெய் அழுத்தக் கேஜின் முள் 80 பி.எஸ்.ஐ.-இல் போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். எஞ்சினின் பேரிங் இடைவெளிகள் 0.0025 அங்குலம், அதாவது சாதாரண அளவு. இவ்வளவு எண்ணெய் போகவே இடமில்லை. பம்ப் தள்ளியதில் பெரும்பகுதி, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பிச் சட்டிக்குத்தான் போயிருக்கும். அந்த வீண் வேலை முழுவதையும் செய்தது நசுக்கப்பட்ட நிலையில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம்.

குளிர்காலம் முழுவதும் கார் ஷெட்டில் நின்றது. சட்டியைக் கழற்றினேன். பம்பின் மூடியில் உள்சக்கரம் வட்டமாக ஒரு பள்ளம் போட்டிருந்தது, மேலிருந்து அழுத்தியதன் தழும்பு. பேரிங் ஓடுகளைத் திறந்தபோது மென்மையான மேல்பூச்சில் தங்கப் புள்ளிகள் பதிந்திருந்தன. சக்கரத்திலிருந்து போன உலோகம் எங்கோ போய்ச் சேரத்தானே வேண்டும். மெயின், ராடு பேரிங் இரண்டையும் மாற்றினேன். தேய்ந்த சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் ஃபில்டரையாவது வெட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேமின் சக்கரம் பிழைத்ததா என்பதுதான் எனக்கு இருந்த பெரிய பயம். அது போயிருந்தால் எந்தப் புதிய சக்கரத்தையும் அது தின்றுவிடும், கேமையே மாற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக விளக்கடித்து, கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பதிமூன்று பற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மகள் எண்ணினாள், நான் நீண்ட குச்சியின் முனையால் ஒவ்வொரு முகத்தையும் வருடினேன். எங்கும் தட்டவில்லை. மங்கலான மினுமினுப்பு மட்டும். நல்ல எஃகு.

பம்பைச் சாதாரணக் கொள்ளளவுக்கு மாற்றினேன், ஸ்பிரிங்கும் சாதாரணம். எண்ணெய் 10W-30. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் 1.5 மில்லிமீட்டர் ஷிம் (உயர்த்தும் தகடு) வைத்தேன். தண்டின் உயரத்தை மாற்றிக்கொள்ள வசதியாக, நகரும் வளையம் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர்களும் விற்கிறார்கள். ஷிம்மே போதும் என்று அளவு சொன்னதால் அந்தச் செலவைத் தவிர்த்தேன். இடைத்தண்டின் மேல் ஒரு பட்டாணி அளவு களிமண் வைத்து, இறக்கி, இறுக்கி, மறுபடி எடுத்துக் களிமண்ணின் தடிமனை அளந்தேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இறுக்கிய பிறகும் ரோட்டார் தண்டு மேலும் கீழும் நகர்ந்தது. அந்தச் சின்ன அசைவைக் கையில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொரு சின்ன வேலையும் செய்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் உடலின் கீழ்ப்பட்டை எண்ணெய்க் குழாயை ஒட்டி உட்காரும் இடத்தில் 0.030 அங்குல அகலத்துக்கு ஒரு மெல்லிய காடியை அரத்தால் போட்டேன். பந்தயக்காரர்களின் பழைய பழக்கம் இது. அழுத்தத்தில் உள்ள எண்ணெய் அந்த வழியாகக் கசிந்து நேராகப் பற்கள் சேரும் இடத்தில் தெளிக்கும். காடி கேம் இருக்கும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், அகலம் கூடினால் எண்ணெய் அழுத்தம் விழும். கைநடுக்கம் இல்லாத ஒரு காலையில்தான் செய்தேன்.

சக்கரம் மறுபடி வெண்கலமே போட்டேன். கடினப்படுத்திய எஃகு போடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். என் கேமுக்கு அதுவும் பொருந்தும், நெடுநாள் உழைப்புக்கு அதுதான் நல்லது. ஆனால் கடினமான சக்கரம் போட்டால் சுமை இன்னும் மிச்சம் இருந்தாலும் பல வருடத்துக்கு எனக்குக் காட்டாது, கேமைத்தான் மெல்லத் தின்னும். வெண்கலம் உடனே காட்டிவிடும். என் கணக்குத் தப்பாக இருந்தால் ஆயிரம் மைலில் தெரிந்துவிட வேண்டும் என்று விரும்பினேன்.

பூட்டும்போது ஒரு விஷயம், முதன்முறை செய்பவர்களுக்காக. டிஸ்ட்ரிபியூட்டர் கடைசி அரை அங்குலம் இறங்க மறுத்தால் தட்டி இறக்காதீர்கள், போல்ட் வைத்தும் இழுக்காதீர்கள். அடியில் இடைத்தண்டின் காடி வேறு திசையில் நிற்கிறது, அவ்வளவுதான். நீளமான ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டு இடைத்தண்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இறக்கினால் தானாக விழும். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சக்கரம் கழற்றிய ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை டிரில்லில் மாட்டிப் பம்பைச் சுற்றி, கேஜில் அழுத்தம் ஏறும் வரை எண்ணெய் நிரப்பிக்கொண்டேன்.

வசந்தத்தில் ஓடத் தொடங்கியது. குளிரில் 55, சூடேறிய பின் ஐட்லிங்கில் 22 பி.எஸ்.ஐ. முன்பு இருந்த 80-க்குப் பழகிய கண்ணுக்கு முதல் வாரம் கொஞ்சம் பதற்றமாக இருந்தது. 500 மைலில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன். பல்லின் நடுவில் மெல்லிய பளபளப்பான பட்டை, மேலேயும் கீழேயும் சம அளவு தொடாத இடம். 1,500 மைலில் அதே பட்டை, அதே அகலம். பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, சக்கரத்தை என் கையில் திரும்ப வைத்து, “இதை எடுத்துக்கொண்டு போய் மாட்டுங்கள், இனிமேல் என்னிடம் கொண்டுவர வேண்டாம்” என்றார்.

டைமிங் எண்களை ஷெட்டின் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வைப்பது மகளின் பழக்கம். முதல் இரண்டு சக்கரங்களின் வரிசைகள் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன: 12, 6, மறுபடி 12, 4; அடுத்ததில் 12, 9. மூன்றாவது வரிசையில் 4,000 மைல் வரை ஒரே எண் இருக்கிறது. போன வாரம் அவள் லைட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லாமலே போய்க் கதவில் இன்னொரு 12 எழுதினாள்.